அடுப்படிக் கடிதங்கள்: மூன்று மேசைக்கரண்டி மிளகாய்த்தூள்

சென்ற இதழில் நத்தார்ச் சாப்பாடு பற்றி எழுதும்போது, வான்கோழி இறைச்சியில் அமெரிக்கர்கள் ‘சில்லி’ என்று மிளகாயும் தக்காளியும் சேர்ந்த ஒரு தடித்த குழம்பைச் சமைப்பார்கள், அதைக் கல்லடியில் என் அடுப்பிலும் ஏற்றிப் பார்த்திருக்கிறேன் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். எப்படிச் சமைப்பது என்று சொல்லவில்லை. அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் இப்போது மேசையில் குவிந்து கிடக்கின்றன. 31 வருடம் மனையியல் படிப்பித்தவள் நான். கேட்ட கேள்விக்கு விடை சொல்லாமல் படுத்தால் தூக்கம் வராது.

கேள்வி: ஹூஸ்டனில் இருக்கும் மகள் டிசம்பர் விடுமுறைக்குப் பிள்ளைகளுடன் வந்திருந்தாள். பேரனுக்கு ஏழு வயது. அங்கே விரும்பிச் சாப்பிடுவானாம் என்று வான்கோழிச் சில்லி செய்தேன். மகள் எழுதித் தந்த குறிப்பின்படியே இரண்டு இறாத்தல் இறைச்சிக்கு மூன்று மேசைக்கரண்டி மிளகாய்த்தூள் போட்டேன். தூள் நானே இடித்தது. ஒருவராலும் வாயில் வைக்க முடியவில்லை, பேரன் அழுதுவிட்டான். மகளோ, “நான் அங்கே இதே அளவுதான் போடுகிறேன் உம்மா” என்று சத்தியம் செய்கிறாள். பிழை எங்கே? அடுத்த முறை எப்படிச் செய்வது?
— வாசகி, அக்கரைப்பற்று

பதில்: பிழை உங்களுடையதும் அல்ல, மகளுடையதும் அல்ல ராத்தா. இரண்டு சாமான்களுக்கு ஒரே பெயர் இருப்பதால் வந்த வினை இது. அமெரிக்கக் கடையில் ‘சில்லி பவுடர்’ என்று போத்தலில் விற்பது மிளகாயை மட்டும் இடித்த தூள் அல்ல. உறைப்புக் குறைந்த காய்ந்த மிளகாயோடு சின்னச்சீரகம், உள்ளித்தூள், ஒரிகானோ என்ற வாசனை இலை, சில வேளை உப்பும் சேர்ந்த கூட்டு அது. நம் கறித்தூளுக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் சேரும் மிளகாய்களில் முக்கியமானது ஆஞ்சோ. பொப்ளானோ என்ற பெரிய மிளகாய் பழுத்துக் காய்ந்தால் ஆஞ்சோ. மிளகாயின் உறைப்பை அளக்க 1912 இல் ஸ்கோவில் என்ற மருந்தியலாளர் ஓர் அளவுகோல் கண்டுபிடித்தார். அதில் பொப்ளானோ 1,000 முதல் 2,000 வரை நிற்கும். நம் செத்தல் மிளகாயைப் போல் உறைக்கும் கயென் வகை 30,000 முதல் 50,000 வரை போகும். குறைந்த கணக்கில் பார்த்தாலும் பதினைந்து மடங்கு. மகள் போட்டது மூன்று கரண்டி. அவளுடைய கணக்கில் நீங்கள் போட்டது நாற்பத்தைந்து. பேரன் அழுததோடு விட்டானே!

அப்படியானால் தூளைக் கால் கரண்டியாகக் குறைத்தால் சரிதானே என்று நினைப்பீர்கள். அதையும் செய்து பார்த்தவள் நான். உறைப்பு சரியாக வந்தது, சில்லிதான் வரவில்லை. தக்காளித் தண்ணீரில் இறைச்சி மிதந்தது. அவர்கள் போடும் மூன்று கரண்டி உறைப்புக்காக அல்ல. சாறின் நிறம், தடிப்பு, வாசம் எல்லாம் அந்தக் காய்ந்த மிளகாயின் சதையிலிருந்து வருகின்றன. நமக்கும் உறைக்காத மிளகாய்ச் சதை வேண்டும். அது சந்தையில் இருக்கிறது: கறிமிளகாய். பச்சையாக வாங்காமல், பழுத்துச் சிவக்கத் தொடங்கியதைப் பொறுக்குங்கள். வியாபாரி விலை குறைத்தும் தருவார், பழுத்ததை யாரும் வாங்குவதில்லை.

இனி அளவு. ஆறு பேருக்கு: எலும்பு நீக்கிய வான்கோழித் தொடை இறைச்சி ஒரு கிலோ, பழுத்த கறிமிளகாய் ஏழெட்டு, செத்தல் ஐந்து, பெரிய வெங்காயம் மூன்று, உள்ளி பத்துப் பல்லு, நன்றாகப் பழுத்த தக்காளி முக்கால் கிலோ, சிவப்புக் கௌபிப் பயறு கால் கிலோ, சின்னச்சீரகம் ஒன்றரை மேசைக்கரண்டி, மல்லி ஒரு மேசைக்கரண்டி. சின்னச்சீரகம் என்றுதான் சொன்னேன். அவசரத்தில் பெருஞ்சீரகத்தை அள்ளிப் போட்டால் அது பிரட்டல் கறியாகிவிடும்.

கறிமிளகாயை நெருப்புத் தணலில் போட்டுத் தோல் கருகும்வரை புரட்டுங்கள். கேஸ் அடுப்பென்றால் சுவாலையிலேயே பிடிக்கலாம். சிரட்டைத் தணல் கிடைத்தால் விடாதீர்கள், அந்தப் புகை மணம் காசு கொடுத்து வாங்க முடியாதது. கருகியதைச் சட்டியில் போட்டு மூடி வைத்தால் பத்து நிமிடத்தில் தோல் தானாகக் கழலும். செத்தலை நீளமாகக் கிழித்து விதையைத் தட்டிவிடுங்கள். உள்ளே காம்பிலிருந்து ஓடும் வெளிறிய நரம்பையும் நகத்தால் சுரண்டுங்கள். உறைப்பு விதையில் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது ஊறுவது அந்த நரம்பில்தான், விதை பக்கத்தில் இருப்பதால் பூசிக்கொள்கிறது. பிறகு யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செத்தலை இலேசாக வறுங்கள். சீரகத்தையும் மல்லியையும் தனியாக வறுங்கள். எல்லாவற்றையும் கறிமிளகாய்ச் சதையோடு சேர்த்து அம்மியிலோ மிக்ஸியிலோ மை போல அரைத்தெடுங்கள். செங்கல் நிறத்தில் ஒரு கூழ் வரும். உங்கள் மகள் போத்தலில் வாங்குவது இதன் காய்ந்த வடிவம்தான்.

இறைச்சியை மின்சார இயந்திரத்தில் அரைக்கக் கொடுக்க வேண்டாம். கனமான கத்தியால் பலகையில் கொத்துங்கள், கடலை அளவில் துண்டுகள் தெரிய வேண்டும். கொத்தியதில் அரைத் தேக்கரண்டி அப்பச்சோடாவை இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்துப் பிசைந்து கால் மணி நேரம் வையுங்கள். வான்கோழியில் கொழுப்பு குறைவு. சூடு பட்டதும் நீரை விட்டுவிட்டு மரத்தூள் போல ஆகிவிடும். சோடா அந்த நீரைப் பிடித்து வைக்கிறது, இறைச்சி வேகமாகச் சிவக்கவும் உதவுகிறது.

இப்போது தாச்சி. இந்த இடத்தில்தான் எல்லோரும் அவசரப்படுகிறீர்கள். எண்ணெய் நன்றாகச் சூடாகட்டும். ஒரு கிலோவையும் ஒரேயடியாகக் கொட்டாதீர்கள். மூன்று பங்காகப் பிரித்துப் போடுங்கள். காதைக் கொடுத்துக் கேளுங்கள்: ‘சடசட’ என்று வெடித்தால் இறைச்சி வறுபடுகிறது. ‘கொளகொள’ என்றால் தண்ணீர் விட்டு அவிகிறது. அவிந்த இறைச்சி சாம்பல் நிறம், நோயாளிக் கஞ்சிக்குத்தான் சரி. தண்ணீர் வற்றி, அடியில் பொரிந்து, விளிம்பு கபில நிறமாக மாறும்வரை அகப்பையைக் கீழே வையுங்கள். கிண்டக் கிண்டச் சிவக்காது. ருசி முழுவதும் அந்த விளிம்பில் இருக்கிறது. மூன்று பங்கும் முடிந்து இறைச்சியை எடுத்த பிறகு தாச்சியின் அடியில் மண்ணிறமாக ஒன்று பிடித்திருக்கும். கருகிவிட்டது என்று பயந்து கழுவிவிடாதீர்கள்! அதிலேயே வெங்காயத்தைப் போடுங்கள். வெங்காயம் விடுகிற நீரில் அது கரைந்து ஏறும்.

வெங்காயம் வதங்கியதும் உள்ளி, பிறகு அரைத்த கூழ். கூழை எண்ணெய் பிரியும்வரை வதக்குங்கள், இது நமக்குத் தெரிந்த வேலை. அடுத்துத் தக்காளி. அது குழைந்ததும் இறைச்சியைத் திரும்பப் போட்டு, மூடும் அளவுக்குத் தண்ணீர் விட்டு, சிறு தீயில், மூடியைச் சற்று விலக்கி ஒரு மணி நேரம் வையுங்கள். கௌபியை இதற்குள் தனியாக அவித்து வைத்திருக்க வேண்டும். கடைசி இருபது நிமிடத்தில் சேருங்கள். வறுத்த சோளன் மா இரண்டு மேசைக்கரண்டியைக் கரைத்து விட்டால் சாறு தடிக்கும். கற்பூரவள்ளி இலை மூன்றை நுணுக்கி இறக்குமுன் போடுங்கள். ஒரிகானோவுக்கு மணம் தருகிற கார்வக்ரோல், தைமோல் என்ற எண்ணெய்கள் நம் வேலியோரக் கற்பூரவள்ளியிலும் இருக்கின்றன. நாலாவது இலை போட்டால் தடிமனுக்குக் குடிக்கும் கசாயம் மாதிரி மணக்கும், எண்ணிப் போடுங்கள்.

இரண்டு இரகசியம் இருக்கிறது, அவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தேக்கரண்டி கோப்பித்தூள். கசப்பு தெரியாது, நிறமும் ஆழமும் வரும். மற்றது மாசி. அவித்து, புகை பிடித்து, காய்ந்த சூரை மீன் அல்லவா அது? இடித்த மாசி ஒரு தேக்கரண்டியைத் தக்காளியோடு சேர்த்தால் ஒன்றை ஒன்று தூக்கிவிடும். டெக்ஸஸ்காரர் யாருக்கும் சொல்லிவிடாதீர்கள்.

பேரனுக்கு இறக்கியதும் மேலே ஒரு கரண்டி எருமைத் தயிர் வையுங்கள். அங்கே புளித்த கிறீம் வைப்பார்கள். நம் சட்டித் தயிர் அதைவிடத் திறம் என்பது என் கட்சி. உறைப்பு பிடித்தால் தண்ணீர் கொடுக்காதீர்கள். மிளகாயின் உறைப்பு தண்ணீரில் கரையாது. பாலிலும் தயிரிலும் உள்ள புரதமும் கொழுப்பும்தான் அதைக் கழுவி இறக்கும்.

கேள்வி: வளவில் வான்கோழி வளர்க்கிறேன். போன மாதம் ஆண் ஒன்றை அடித்துச் சமைத்தோம். இறைச்சி றப்பர் மாதிரி. காலில் ஈர்க்கு ஈர்க்காக எதுவோ பல்லில் குத்தியது. இந்தச் சில்லிக்கு அது சரிவருமா?
— வாசகர், வவுணதீவு

பதில்: எத்தனை மாதத்து ஆண் என்று எழுதவில்லையே தம்பி. வருடம் கடந்ததாக இருந்தால் அப்படித்தான் இருக்கும். ஆனால் சில்லிக்கு அதுதான் சரி. நெஞ்சு இறைச்சி வெள்ளை, சீக்கிரம் வேகும், சீக்கிரம் காய்ந்தும் போகும். அதை வேறு கறிக்கு வையுங்கள். தொடையும் காலும் ஓடி ஆடிய கறுத்த இறைச்சி. சிறு தீயில் நேரம் கொடுத்தால் அதன் சவ்வு உருகிச் சாறு ஒட்டும் பதத்துக்கு வரும். மேலே ஒரு மணி நேரம் என்றேன், உங்கள் ஆளுக்கு இரண்டு, இரண்டரை மணி நேரம் கொடுங்கள்.

பல்லில் குத்திய ஈர்க்கு நரம்பு. வான்கோழியின் கீழ்க்காலில் தசைநாண்கள் வயதோடு எலும்பாகவே இறுகிவிடும். கோழியில் இப்படிப் பார்த்திருக்க மாட்டீர்கள். கணுக்கால் மூட்டுக்கு மேலே தோலை வட்டமாகக் கீறினால் வெள்ளை முனைகள் தெரியும். ஒவ்வொன்றாகக் குறட்டால் பிடித்து இழுங்கள், இறைச்சியைக் கையால் அழுத்திக்கொண்டு. வழுக்கும், பொறுமை வேண்டும். எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தால் குடை கம்பி மாதிரி இருக்கும்.

வளர்ப்பவர் என்பதால் ஒன்று சொல்கிறேன். என் அம்மம்மா வான்கோழி முட்டையை அடைக்கோழிக்குக் கீழே வைப்பார். கோழிக் குஞ்சு பொரிக்க 21 நாள், வான்கோழிக்கு 28. இருபத்திரண்டாம் நாள் முதல் அந்தக் கோழி எழும்பி எழும்பி முட்டையைப் பார்க்கும், எங்களைப் பார்க்கும். ஏழு நாள் அதற்கு யார் கணக்குச் சொல்வது? அம்மம்மா பக்கத்தில் குந்தியிருந்து, “இன்னும் கொஞ்சம் பொறு மனே” என்பார். குஞ்சு வந்த பிறகு அதன் முகத்தில் தெரிந்த குழப்பம் தனிக் கதை.

கேள்வி: கலியாணமாகி ஆறு மாதம். கணவருக்காக வான்கோழிச் சில்லி செய்யக் கடையில் கிட்னி பீன்ஸ் வாங்கினேன். ஊற வைத்து, தக்காளியோடு சேர்த்து இரண்டு மணி நேரம் கொதிக்க வைத்தும் வேகவில்லை. மாமி பார்த்துக்கொண்டே இருந்தார், வெட்கமாகப் போய்விட்டது. அதோடு, வேகாத பீன்ஸ் வயிற்றுக்கு நஞ்சு என்கிறார்களே, உண்மையா?
— புதுமணப்பெண், காத்தான்குடி

பதில்: மகள், முதலில் இரண்டாவதற்குப் பதில், ஏனென்றால் அது விளையாட்டல்ல. உண்மைதான். சிவப்புக் கிட்னி பீன்ஸில் லெக்டின் என்ற ஒரு பொருள் இருக்கிறது. பச்சையாக நாலைந்து விதை உள்ளே போனாலே ஓரிரு மணி நேரத்தில் வாந்தி எடுக்க வைக்கும். ஐந்து மணி நேரத்துக்குக் குறையாமல் ஊற வைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று அரை மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். அதன் பிறகு சிறு தீ. கொதி வராத இளஞ்சூட்டில் நாள் முழுக்கக் கிடந்தால் நஞ்சு போகாது, கூடவும் செய்யும். கௌபியில் இந்தத் தொல்லை இல்லாதபடியால்தான் நான் கௌபி பக்கம் நிற்கிறேன்.

வேகாததற்குக் காரணம் தக்காளி. புளிப்பு பட்டால் பயற்றின் தோல் இறுகிவிடும். எவ்வளவு கொதித்தாலும் கல்லு கல்லாக நிற்கும். உப்புத்தன்மையான கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து இருந்தாலும் இதே கதை. தனியாக அவித்து, விரலால் நசுக்கினால் நசுங்கும் பதம் வந்த பிறகே தக்காளியிடம் சேர்க்க வேண்டும்.

வெட்கப்படாதீர்கள். மனையியல் ஆசிரியையான நானே முதல் தடவை தக்காளியைத்தான் முதலில் கொட்டினேன். மூன்று மணி நேரம். என் கணவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழும்பிப் போய்ப் பாண் வாங்கி வந்து, தேங்காய்ச் சம்பலை அரைத்து, எனக்கும் ஒரு தட்டில் வைத்தார். மாமிக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

கேள்வி: ஆட்டிறைச்சியும் நண்டும் விளையும் ஊரில் இருந்துகொண்டு, வான்கோழிக்கு அமெரிக்கச் சமையல் சொல்லித்தருகிறீர்கள். மயில் ஆடியதைப் பார்த்து வான்கோழி ஆடிய கதை அல்லவா இது?
— பென்சனியர், களுவாஞ்சிகுடி

பதில்: பழமொழியை வான்கோழி மேலேயே ஏவிவிட்டீர்கள் ஐயா, இரசித்தேன். ஆனால் இன்று மத்தியானம் நீங்கள் சாப்பிட்ட கறியைப் பாருங்கள். மிளகாய் போட்டிருப்பார்கள், தக்காளி போட்டிருப்பார்கள். இரண்டும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். சேனையில் நிற்கும் சோளனும் அங்கிருந்து வந்தது. நம்மவர்களுக்கு உறைப்பு என்றால் மிளகுதான். மிளகு போல் உறைக்கும் காய் வந்ததும் மிளகாய் என்று பெயர் வைத்துவிட்டு, வந்த இடத்தை மறந்துவிட்டோம். போர்த்துக்கேயர் மட்டக்களப்புப் புளியந்தீவில் கோட்டை கட்டியது 1628 இல். பத்து வருடத்தில் ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டார்கள். கப்பல்கள் பீரங்கியை மட்டும் ஏற்றி வரவில்லை.

வான்கோழியும் மெக்சிக்கோவில் பழக்கி வளர்த்த பறவைதான். ஆங்கிலேயர் அது துருக்கியிலிருந்து வந்தது என்று நினைத்து ‘டர்க்கி’ என்றார்கள். ஒல்லாந்தர் கள்ளிக்கோட்டையிலிருந்து வந்தது என்று நினைத்து ‘கல்கூன்’ என்றார்கள். அம்பாறையில் சிங்கள அயலவரைக் கேளுங்கள், ‘களுகும்’ என்பார்கள். ஒல்லாந்தர் விட்டுப்போன சொல் அது. ஒருவரும் பறவையிடம் ஊர் கேட்கவில்லை.

சில்லி பிறந்த டெக்ஸஸிலும் உங்களைப் போலக் கோபக்காரர்கள் உண்டு. சான் அந்தோனியோ நகரச் சதுக்கங்களில் பெண்கள் இரவில் அடுப்பு மூட்டி இதை விற்ற காலத்திலிருந்தே அது மாட்டிறைச்சிச் சாப்பாடு. 1977 இல் மாநில உணவாகவே அறிவித்துவிட்டார்கள். அதில் பயறு போட்டால் அங்கே சண்டை வரும். வான்கோழி போட்டால் வழக்கே வைப்பார்கள். மாடு சாப்பிடாத என் வீட்டுக்கு வான்கோழி வசதி, அவ்வளவுதான். நண்டுக்கு அடுத்த இதழில் வருகிறேன்.

கேள்வி: நத்தாருக்குச் சுட்ட வான்கோழியில் மிஞ்சியதை வைத்துச் செய்யலாமா? எத்தனை நாள் வைத்துச் சாப்பிடலாம்?
— வாசகி, டச்பார்

பதில்: தாராளமாக. எலும்பை உடைத்து இரண்டு மணி நேரம் அவித்த தண்ணீரை, வெறும் தண்ணீருக்குப் பதிலாக விடுங்கள். வெந்த இறைச்சியைப் பிய்த்துக் கடைசிக் கால் மணி நேரத்தில் சேர்த்தால் போதும். சில்லி மறுநாள்தான் ருசி. ஆனால் நம் வெக்கையில் அடுப்பு மேலேயே விடிய விடிய விடாதீர்கள். ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து ஆறவிட்டு ஒரு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குள் வையுங்கள். மூன்று நாள் நிற்கும். சூடாக்கும்போது கொதி வர வேண்டும். இரவில் மின்சாரம் நீண்ட நேரம் நின்றிருந்தால் மணந்து பார்த்துத் தீர்மானிக்காமல் கொட்டிவிடுங்கள்.

கேள்வி: எதனோடு சாப்பிடுவது?
— வாசகர், திருக்கோவில்

பதில்: அவர்கள் சோளன் ரொட்டியோடு சாப்பிடுகிறார்கள். சின்சினாட்டி நகரத்தில் ஸ்பகெற்றி மேலே ஊற்றுகிறார்கள். நான் பிட்டோடு. மாலை நேரத்துச் சூட்டுப் பாணும் மோசமில்லை.

கேள்வி: இறக்குமுன் முதற்பால் கொஞ்சம் விட்டு, கறிவேப்பிலை, ரம்பை போட்டால் இன்னும் ருசியாக இருக்காதா?
— வாசகி, கல்முனை

பதில்: இருக்கும். அது அருமையான வான்கோழிக் கறி. சில்லி என்று மட்டும் யாருக்கும் பரிமாறிவிடாதீர்கள்.